நானூற்றுப் பதினெட்டு அங்குலம்

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. காலம் முழுக்கச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவளுக்கு வேறு எப்படி இருக்கும்? முட்டை கெட்டுப்போயிருக்கிறது என்று தட்டைத் திருப்பி அனுப்புகிறவன், அதில் முக்கால்வாசியைத் தின்றுவிட்டுத்தான் அனுப்புவான். அதனால், வெர்னா விட்ரிக் பனியைக் குறைத்து அளக்கிறாள் என்று டேல் ரோகி என் கடையில் உட்கார்ந்துகொண்டு முதன்முதலாகச் சொன்னபோது, நான் அவளையும் சந்தேகப்பட்டேன், அவனையும் சந்தேகப்பட்டேன்.

டேல் எங்கள் ஊரில் தங்கும் விடுதி நடத்துகிறவன். ஸ்டில்மன் கார்னர்ஸில் இருப்பது அந்த ஒரு விடுதி, என் கடை, ஒரு பெட்ரோல் பங்க், ஒரு தேவாலயம், தீயணைப்புக் கூடம், அவ்வளவுதான். எங்களுக்குப் பனிதான் பிழைப்பு. ஒண்டாரியோ ஏரி மேல் வீசுகிற காற்று, தண்ணீரையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு வந்து எங்கள் மேட்டில்தான் கொட்டும். பத்து மைல் தள்ளி இருக்கிறவன் வெயிலில் நிற்பான், எங்களுக்கு வாசல் கதவு திறக்காது. அந்தப் பனிக்காக நியூஜெர்சியிலிருந்தும் பென்சில்வேனியாவிலிருந்தும் பனிமேல் ஓட்டுகிற பனிவண்டிகளை இழுத்துக்கொண்டு ஆட்கள் வருவார்கள். பனி என்றால் அவர்களுக்குப் பைத்தியம். இலை உதிர ஆரம்பித்ததும் டேலுக்கு போன் போட்டு, இந்த வருடம் எவ்வளவு விழும் என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். டேல் கம்பளிப்பூச்சியின் முதுகில் கறுப்புப் பட்டை எத்தனை அகலம், குளவி எவ்வளவு உயரத்தில் கூடு கட்டியிருக்கிறது என்றெல்லாம் பார்த்து வைத்துக்கொண்டு அவர்களுக்குச் சொல்வான். எந்த வருடமும் அவன் குறைவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஊருக்குள் நுழைகிற இடத்தில், நெடுஞ்சாலை ஓரமாக, ஒரு மரப் பலகை நிற்கிறது. 'ஸ்டில்மன் கார்னர்ஸ். 1976–77 குளிர்காலம். 418 அங்குலம்' என்று அதில் செதுக்கியிருக்கும். அதற்குக் கீழே தனியாக ஒரு சின்னக் கட்டையில் 'அளந்தவர்: எல்வின் விட்ரிக்' என்று இருக்கும். வருகிறவர்கள் எல்லோரும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். எல்வின் வெர்னாவின் புருஷன். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. அதன்பிறகு வெர்னாதான் அளக்கிறாள்.

வெர்னாவைப் பற்றிச் சொல்கிறேன். அவள் கீழே பள்ளத்தாக்கு ஊரிலிருந்து கல்யாணமாகி வந்தவள். ரிட்டயராகிறவரை பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். எவ்வளவு பனியிலும் பஸ்ஸை ஒரு தடவைகூடப் பள்ளத்தில் இறக்கியதில்லை. சின்ன உருவம், பெரிய தோள்பட்டை. அதிகம் பேச மாட்டாள். பேசாதவர்களைப் பார்த்தாலே எனக்கு மூக்கு வியர்க்கும். மகள் ஃப்ளோரிடாவில் இருக்கிறாள். வீட்டு வாசலில் ஆரஞ்சு காய்த்திருக்கிறது, வந்துவிடு என்று படம் எடுத்து அனுப்பிக்கொண்டே இருப்பாள். வெர்னா அந்தப் படங்களை என்னிடம் காட்டி, "பாவம், அந்தப் புள்ள எப்பிடித்தான் அங்க இருக்கோ" என்பாள். வருடத்தின் முதல் பனி விழும்போது கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு தெருவில் வந்து நிற்பாள், செதில்கள் கைமேல் விழுவதைப் பார்ப்பதற்காக. ஊரில் பனியால் சம்பாதிக்கிறவர்கள் உண்டு, பனியைத் திட்டுகிறவர்கள் நிறைய உண்டு. ஒரு லாபமும் இல்லாமல் அதை ரசிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

புருஷன் போனபின் அந்த அளவுதான் அவளுக்கு எல்லாமும். வீட்டுக்குப் பின்னால், காற்று அடிக்காத இடமாகப் பார்த்து, வெள்ளை அடித்த ஒரு சதுரப் பலகையைத் தரையில் போட்டிருப்பாள். காலையில் எழுந்ததும் அளவுகோலை அதன்மேல் நட்டு, விழுந்திருக்கிற பனியை அளந்து, பலகையைத் துடைத்துத் திரும்பப் பனியின்மேல் வைப்பாள். அப்புறம் என் கடைக்கு போன் பண்ணிச் சொல்வாள். நான் அதை அதுவரை விழுந்ததோடு கூட்டிக் கண்ணாடி ஜன்னலில் சாக்கட்டியால் எழுதுவேன். டேல் வந்து அதைப் படம் எடுத்து, ஊர் ஊராக இருக்கிற பனிப் பைத்தியங்களுக்கெல்லாம் அனுப்புவான்.

நாலைந்து வருடமாகப் பனி சரியாக இல்லை. ஜனவரியில்கூட மழை பெய்தது. டேலின் விடுதியில் பாதி அறைகள் பூட்டியே கிடந்தன. என் கடையில் காப்பி கொதித்துக் கொதித்துக் கருகியது. அப்படி இருக்கும்போது இந்தக் குளிர்காலம் வந்தது. நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு முன்னாலேயே கொட்ட ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. கிறிஸ்துமஸுக்குள் தபால்பெட்டிகள் மறைந்தன. பனி தள்ளும் லாரிக்காரர்கள் தள்ளுவதற்கு இடமில்லாமல் பனியை வேறு இடத்துக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். எல்வினின் கணக்கை இந்த வருடம் தாண்டப்போகிறோம் என்று டேல் எல்லோருக்கும் சொல்லிவிட்டான். விடுதி நிரம்பியது, என் கடையிலும் உட்கார இடமில்லை. வந்தவர்கள் எல்லோரும் ஜன்னலில் நான் எழுதும் எண்ணைத்தான் பார்ப்பார்கள். மார்ச் தொடக்கத்தில் அது முந்நூற்றைத் தாண்டியது, ஆனால் அவர்கள் நினைத்த வேகத்தில் ஏறவில்லை.

அப்போதுதான் டேல் அந்தப் பேச்சை எடுத்தான். பான்கேக்கை வெட்டிக்கொண்டே, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"லோயிஸ், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. அந்தம்மா குறைச்சு எழுதுது. புருஷன் பேரு பலகையிலருந்து போயிடக் கூடாதுன்னு பாக்குது."

ஆதாரம் என்ன என்று கேட்டேன். அவன் விரல் விட்டு அடுக்கினான். பக்கத்து ஊர் ஆஷ்டனில் அளந்தது நம்மைவிட அதிகம், இதுவரை அப்படி நடந்ததே கிடையாது. வெர்னா யாரையும் அந்த வெள்ளைப் பலகை பக்கத்தில் விடுவதில்லை. பின்பக்க ஜன்னல் திரையை இழுத்து மூடியே வைத்திருக்கிறாள். பழைய கணக்கைத் தாண்டுமா என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றுகிறாள். திரை மூடியிருப்பது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். பைனாகுலர் வைத்துப் பார்த்தானாம். நீ பைனாகுலரில் பார்த்தால் யார்தான் திரையை மூட மாட்டார்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. ஆனால் அதற்குள் எனக்கே வேறு ஒன்று ஞாபகம் வந்துவிட்டது.

எல்வின் உயிரோடு இருந்தபோது நெடுஞ்சாலை வழியாக வீட்டுக்குப் போனதே இல்லை. ஊருக்கு வெளியே வளைந்துபோகும் பின்பாதையில்தான் போவார், வருவார். அது சுற்று வழி, குளிர்காலத்தில் மோசமான வழி. அந்தப் பாதையில் இருப்பது கிளாடிஸ் மோசரின் வீடு ஒன்றுதான். கிளாடிஸ் சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவள், பார்க்க லட்சணமாக இருப்பாள். நான் அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. அத்தனை வருடமும் என் மனதில் அந்த எண்ணம்தான். எல்வினின் சவ வண்டியைக்கூடப் பின்பாதை வழியாகக் கொண்டுபோகச் சொன்னாள் வெர்னா. எவ்வளவு பெரிய மனசு, சக்களத்தியின் வாசல் வழியாகவே கடைசிப் பயணம் போகச் சொல்கிறாளே என்று நான் அன்றைக்கு அழுதேன். அப்படிப்பட்டவள் அவர் பேரைக் காப்பாற்றுவதற்காகப் பொய்க்கணக்கு எழுதுவாளா? எழுதுவாள் என்றும் தோன்றியது, மாட்டாள் என்றும் தோன்றியது.

டேல் சும்மா இருக்கவில்லை. விடுதிக்குப் பின்னால் தானும் ஒரு வெள்ளைப் பலகை போட்டான். அடுத்த பெரிய புயலுக்காகக் காத்திருந்தான். அது வந்ததும் அவனும், தங்கியிருந்த பனிவண்டிக்காரர்களும் முறை போட்டுக்கொண்டு பலகையைக் காவல் காத்தார்கள். மணிக்கொரு தரம் அளந்து, துடைத்து, எல்லாவற்றையும் கூட்டினார்கள். புயல் ஓய்ந்தபோது அவர்களுக்கு வந்தது நாற்பத்தெட்டு அங்குலம். அன்றைக்கு வெர்னா எனக்குச் சொன்னது முப்பத்தெட்டு.

டேல் குதிக்காத குறைதான். ஞாயிற்றுக்கிழமை தீயணைப்புக் கூடத்தில் பான்கேக் விருந்து இருந்தது. மேப்பிள் மரப் பாகு காய்ச்சுகிற காலத்தில் வருடா வருடம் நடப்பது, ஊரே வரும். சாப்பாடு முடிந்ததும் விஷயத்தைப் பேசி, அளக்கிற பொறுப்பை வெர்னாவிடமிருந்து எடுத்துவிட வேண்டும் என்று ஊர்த் தலைவர் மெர்ல் ஃபார்னியிடம் சொல்லி ஏற்பாடு பண்ணிவிட்டான். மெர்ல் யாரோடும் சண்டை போடாதவர். எதற்கும் சரி என்பார்.

நான் சனிக்கிழமை மத்தியானம் ஆப்பிள் பை என்கிற பலகாரம் ஒன்று சுட்டு எடுத்துக்கொண்டு வெர்னா வீட்டுக்குப் போனேன். ஊர் பேசுவதை அவள் காதில் போட்டு வைப்போம் என்றுதான் போனேன். பொய் சொல்வானேன், மோப்பம் பிடிக்கவும்தான் போனேன். கோட்டுப் பையில் தையல் டேப் ஒன்று வைத்திருந்தேன். அவள் காப்பி போட உள்ளே போனதும், கதவுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த அளவுகோலை எடுத்து, டேப்பை வைத்து அளந்து பார்த்தேன். அடியில் ஏதாவது ஒட்டுக் கட்டை சேர்த்திருக்கிறாளா, கோடுகளை மாற்றி வரைந்திருக்கிறாளா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கோல் சரியாகத்தான் இருந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"சரியா இருக்கா?" என்றாள் வெர்னா. அவள் கோப்பைகளோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

நான் டேப்பைச் சுருட்டி உள்ளே போட்டேன். முகம் சூடாகிவிட்டது. அவள் ஒன்றும் கோபப்படவில்லை. உட்கார் என்றாள். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டேல் சொல்வதை, ஊர் சொல்வதை, நாளைக்கு நடக்கப்போவதை. அளக்கும் பலகையை அவளிடமிருந்து பிடுங்கப்போகிறார்கள் என்று சொன்னபோது மட்டும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். திரை மூடித்தான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"டேல் பலகைய எத்தன தடவ தொடைக்கிறான்?" என்று கேட்டாள்.

மணிக்கொரு தரம், தூங்காமல் கொள்ளாமல் என்றேன். காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்த அவள் கரண்டி நின்றுவிட்டது. அப்புறம் ஆப்பிள் பை நன்றாக இருக்கிறது, இலவங்கப்பட்டை கொஞ்சம் கூடுதல் என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. குற்றம் செய்யாதவள் என்றால் ஒரு வார்த்தை 'இல்லை' என்று சொல்லக் கூடாதா? இவள் எதையோ மறைக்கிறாள் என்பது எனக்கு அந்த நிமிடமே உறுதியாகிவிட்டது. அந்த மட்டில் நான் நினைத்தது தப்பில்லை.

மறுநாள் கூடத்தில் உட்கார இடமில்லை. நான் அடுப்புப் பக்கம் பான்கேக் திருப்பிக்கொண்டிருந்தேன். வெர்னா தாமதமாக வந்து, கோட்டைக் கழற்றாமலே கடைசி மேஜையில் உட்கார்ந்தாள். அவள் கோட்டின் வலது பையில் எதுவோ நீளமாகத் துருத்திக்கொண்டிருந்தது. சாராயக் குப்பியா, கத்தியா என்று நான் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருத்தரும் அவள் மேஜைக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அவள் பஸ்ஸில் ஏறிப்போன ஆட்கள்தான் அத்தனை பேரும். தட்டை எடுத்துக்கொண்டு அவளைத் தாண்டி, வேறு பக்கம் பார்த்தபடி போனார்கள்.

மெர்ல் எழுந்து நின்று, டேல் ஏதோ சொல்ல வேண்டுமாம் என்று சொல்லிவிட்டு உடனே உட்கார்ந்துவிட்டார். டேல் மரியாதையாகத்தான் ஆரம்பித்தான். யாரையும் குறை சொல்வதற்கில்லை, வயசானால் கண் மங்குவது சகஜம்தான், பனியில் கால் வழுக்கி விழுந்தால் யார் பார்ப்பது என்றெல்லாம் சொன்னான். அப்புறம் தன் நாற்பத்தெட்டுக்கு வந்தான். தூரத்திலிருந்து வந்தவர்கள் சாட்சி என்றான். இந்த ஊரின் பனி பத்து அங்குலம் திருட்டுப் போயிருக்கிறது, குளிர்காலம் முழுக்க எவ்வளவு போயிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள் என்றான். பனிவண்டிக்காரர்கள் மேஜையைத் தட்டினார்கள்.

வெர்னா எழுந்தாள்.

"நீ ஒவ்வொரு மணிக்கும் தொடச்ச இல்ல?"

"ஒரு மணி நேரம்கூட விடல. உங்கள மாதிரி ஒரு நாளைக்கு ஒரு தடவ இல்ல."

"அதுதான் தப்பு," என்றாள் அவள்.

பனி விழுந்த கையோடு உப்பலாக நிற்கும், நேரமாக ஆகத் தன் பாரத்திலேயே அமுங்கும். மணிக்கொரு தரம் துடைத்தால் அமுங்குவதற்கு நேரமே கிடைக்காது. உப்பலை மட்டும் கூட்டிக் கூட்டி, இல்லாத பனியைக் கணக்கில் சேர்த்ததாக ஆகிவிடும். இதைத்தான் அவள் சொன்னாள். எனக்குப் புரிந்தது. மாவைச் சலித்த உடனே கோப்பையில் அள்ளினால் ஒரு அளவு, தட்டி அள்ளினால் ஒரு அளவு. சலித்துச் சலித்து அள்ளிக் கேக் பண்ணினால் கேக் எழும்பவே எழும்பாது.

டேல் சிரித்தான். நல்ல கதை என்றான். அப்படியென்றால் எல்வின் மட்டும் எப்படி நானூற்றுப் பதினெட்டு அளந்தார், அவர் பனி மட்டும் அமுங்காத பனியா என்று கேட்டான். கூடம் முழுக்கச் சிரித்தது.

சிரிப்பு அடங்குகிறவரை வெர்னா நின்றாள். மேஜையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"எல்வினும் உன்ன மாதிரிதான் தொடச்சாரு," என்றாள்.

யாரோ தட்டில் முள்கரண்டியை வைக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

அவள் குரலை உயர்த்தவில்லை. அந்த வருடம் சாலையெல்லாம் மூடிக் கிடந்தது. வேலை இல்லை. எல்வினுக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. பனியைப் பார்த்துப் பித்துப் பிடித்த மாதிரி ஆகிவிட்டார். அலாரம் வைத்துக்கொண்டு எழுந்து எழுந்து ஓடினார். ரேடியோக்காரர்கள் போன் பண்ணிக் கேட்டார்கள், ஒவ்வொரு தடவையும் எண் ஏற ஏறக் குஷி. அடுத்த வருடம்தான், அளக்கும் முறையைத் தெரிந்த ஒருவர் எங்கிருந்தோ வந்தபோது, பேச்சுவாக்கில் எல்வினுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. அந்தக் குளிர்காலம் பூராவும் எல்வின் இரண்டு பலகையைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, ஒன்றை மணிக்கொரு தரமும் ஒன்றைக் காலையில் மட்டும் துடைத்துப் பார்த்திருக்கிறார். அதை வைத்துத் திருப்பிக் கணக்குப் போட்டால், எழுபத்தேழில் முந்நூற்று ஐம்பதுகூட விழுந்திருக்காது. ஆனால் அதற்குள் நெடுஞ்சாலையில் பலகை நட்டாகிவிட்டது, கேக் வெட்டியாகிவிட்டது.

"அவரு உங்ககிட்ட வந்து சொல்றேன்னுதான் கெளம்புனாரு," என்றாள். "கோட்டெல்லாம் போட்டுட்டாரு. நான்தான் கதவுல நின்னு மறிச்சேன். ஊரே சந்தோஷமா இருக்கு, இதுல யாருக்கு என்ன நஷ்டம்னு கேட்டேன். நஷ்டம் அவருக்குத்தான். அதுக்கப்புறம் அந்தப் பலகை இருக்குற பக்கமே அவரு போகல. சாகுற வரைக்கும் பின்பாதையிலதான் போனாரு."

பான்கேக் கருகுகிற வாசனை வந்தது. நான் திருப்பவில்லை. கிளாடிஸ் மூன்றாவது மேஜையில் உட்கார்ந்திருந்தாள், தன் பாட்டுக்குப் பாகு ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்க எனக்கு முகம் இல்லை. சவ வண்டியைக்கூட வெர்னா ஏன் அந்த வழியாகப் போகச் சொன்னாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வெர்னா இன்னும் முடிக்கவில்லை. நேற்றைக்குக் காலை வரை அவள் அளந்தது முந்நூற்று எழுபத்தொன்று. சரியாக அளந்த வருடங்களில் இதற்குமேல் இந்த ஊரில் ஒருநாளும் விழுந்ததில்லை. நாம் ஆசைப்பட்டுக் காத்திருந்த குளிர்காலம் இதுதான், வந்தேவிட்டது, நெடுஞ்சாலைப் பலகை மறைத்துக்கொண்டு நிற்பதால் நமக்குத் தெரியவில்லை என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. முதல் பனிக்குக் கறுப்புக் கோட்டோடு தெருவில் நிற்பாளே, அந்த முகம். எல்லோரும் அவளோடு சேர்ந்து சந்தோஷப்படுவார்கள் என்று நிஜமாகவே எதிர்பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லோரும் ஒரே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். 418 என்று செதுக்கிய பலகையைப் பிடுங்கிவிட்டு 371 என்று நட வேண்டுமா? ஆஷ்டன்காரன் என்ன சொல்வான்? நியூஜெர்சிக்காரன் நாற்பத்தேழு அங்குலம் எங்கே என்று கேட்க மாட்டானா?

மெர்ல் எழுந்தார். தொண்டையைக் கனைத்தார்.

"அது ரொம்பப் பழைய விஷயம், வெர்னா. அன்னிக்கு யாரு எப்பிடித் தொடச்சாங்கன்னு இன்னிக்கு யாருக்குத் தெரியும்? பலகை அது பாட்டுக்கு நிக்கட்டும்."

அவ்வளவு நேரம் குதித்துக்கொண்டிருந்த டேல்தான் முதலில் தலையை ஆட்டினான். வெர்னாவின் அளவில் தனக்கு எப்போதுமே நம்பிக்கை உண்டு, சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன், அந்தம்மாவே தொடர்ந்து அளக்கட்டும் என்றான். அளவு குறைந்தால் எல்வின் கணக்கு பத்திரம், அளக்கிறவளைத் துருவினால் எல்வினையும் துருவ வேண்டும். இது அவனுக்குப் புரிவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கை தூக்கச் சொன்னார் மெர்ல், எல்லாக் கையும் உயர்ந்தது. இத்தனை நாளும் அவளைத் திருடி என்று சொன்ன ஊர், ஒரு பான்கேக் ஆறுவதற்குள் அவளை நம்பிவிட்டது. எனக்கு வாழ்க்கையில் அவ்வளவு கோபம் வந்ததில்லை. சந்தேகப்படுகிறவர்களை எனக்குத் தெரியும், நானே அந்த ஜாதிதான். இவ்வளவு சுலபமாக நம்புகிறவர்களைத்தான் எனக்குப் புரிவதில்லை.

வெர்னா இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். அளக்கும் பலகை அவளிடமே தங்கிவிட்டது. ஆனால் அவள் நன்றி சொல்லவில்லை.

"சரி. நம்பர நீங்களே வச்சுக்குங்க," என்றாள். "அவரு பேர மட்டும் எனக்குத் திருப்பிக் குடுத்துருங்க."

மெர்ல் டேலைப் பார்த்தார், டேல் தட்டைப் பார்த்தான். பதில் வருகிறதா என்று அவள் காத்திருக்கவில்லை. கோட்டுப் பையில் கையை விட்டாள். உள்ளே இருந்து வந்தது ஒரு ஸ்க்ரூ டிரைவர். சிவப்புப் பிடி போட்ட, எல்வினின் பழைய ஸ்க்ரூ டிரைவர். அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

நான் அடுப்பை அணைத்துவிட்டு, ஏப்ரனோடு அப்படியே பின்னால் ஓடினேன். கூடத்திலிருந்து நெடுஞ்சாலைப் பலகை கூப்பிடு தூரம்தான். எண் மட்டும் வெளியே தெரிந்தது, அதற்குக் கீழே எல்லாம் பனிக்குள் இருந்தது. அவள் மண்டி போட்டுக் கையுறையால் தோண்ட ஆரம்பித்திருந்தாள். நான் எதிர்ப்பக்கமாக உட்கார்ந்து தோண்டினேன். பனி கல்லாக இறுகியிருந்தது, குளிர்காலம் முழுக்க விழுந்து விழுந்து அமுங்கியது. கை மரத்துப்போன சமயத்தில் பக்கத்தில் ஒரு மண்வெட்டி விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கிளாடிஸ் மோசர் அதை எறிந்துவிட்டுக் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

"நகருடி லோயிஸ், நீ சமையல்தான் பண்ணுவ," என்றாள். நான் நகர்ந்துகொண்டேன்.

பெயர்க் கட்டை வெளியே வந்ததும் வெர்னா திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். துருவேறி இருந்ததால் நேரம் எடுத்தது. கூடத்து ஜன்னலில் முகங்கள் தெரிந்தன, யாரும் வரவில்லை. கட்டை கையோடு வந்ததும் அதன்மேல் இருந்த பனியைக் கோட்டுக் கையால் ஒரே ஒரு தடவை துடைத்தாள். 'அளந்தவர்' என்ற எழுத்துகள் மங்கியிருந்தன, பேர் நன்றாகவே தெரிந்தது.

வண்டிக்குப் போய், அதை முன் இருக்கையில், தன் பக்கத்தில், பேர் மேலே தெரியும்படி வைத்து பெல்ட்டை மாட்டினாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்பாதையில் பனி தள்ளியிருக்கிறார்களா என்று தெரியவில்லை, பார்த்துப் போ என்றேன். பழக்கத்தில் வந்த பேச்சு.

"பின்பாதை எதுக்கு?" என்றாள் வெர்னா. "இனிமே அவரு நேர்வழியாவே வரலாம்."

அவள் வண்டியைக் கிளப்பி, 418-ஐத் தாண்டி, நெடுஞ்சாலை வழியாகவே எல்வினை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.